சிறு முதலும் நற்பழக்கமும்

சிறு வியாபாரம் ஒன்றைத் தொடங்கக் கருதுவோர் முதன்முதல் எழுப்பும் வினா, 'முதலுக்கு எங்கே போவது?' என்பதேயாம். நம் கல்லூரியிற் பயின்று செல்லும் மாணவருள், உத்தியோகமொன்றையே நம்பியிராது, தந்தையார் நடத்தும் கடையையோ தாமே புதிதாகக் காணும் தொழிலையோ மேற்கொள்வோர் ஆண்டுதோறும் சிலர் உளர். அவர்களோடு அளவளாவும்போதெல்லாம் யாம் கேட்பதும் இவ்வினாவே. முதல் இன்றியமையாதது என்பதை மறுப்பார் இலர். ஆயினும், முதல் இருந்தும் மூடப்படும் கடைகள் பல என்பது கடைவீதியிற் சில ஆண்டுகள் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தவர்க்கு விளங்காமற் போகாது. விற்பனை செவ்வனே நடந்துகொண்டிருக்கையிலேயே ஒருநாள் கதவு சாத்தப்படுகின்றது. அயலார், 'கிரகம் சரியில்லை' என்று கூறி அமைகின்றனர். கடைக்காரரோ தமக்கு வரவேண்டிய பாக்கிகள் நிறைந்த நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கின்றார்.

இந்நாளில் தொழில் முன்னேற்றத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் 'மனப்பான்மை' என்னும் சொல்லைப் பெரிதும் வழங்குகின்றனர். ஊக்கம் வேண்டும், பெரிதாக எண்ண வேண்டும், தோல்விக்கு அஞ்சலாகாது என்பன போன்ற உபதேசங்கள் மலிந்துள்ளன. அவை பொய்யல்ல, ஆனால் அவற்றாற் கல்லாப்பெட்டியில் ஒரு காசும் கூடுவதில்லை. நல்ல எண்ணம் பழக்கமாகப் படிதல் வேண்டும். அப்பழக்கமும், சலுகை கேட்போர் வாசலில் வந்து நிற்பதற்கு முன்னமே, மீறவொண்ணாத விதியாக எழுதப்படுதல் வேண்டும். அங்ஙனம் எழுதிக்கொண்டு பிழைத்த ஒரு மளிகைக்கடையின் வரலாற்றை இங்கு ஆராய்வாம்.

இங்கிலாந்தின் வடபகுதியில், மாஞ்செஸ்டர் நகருக்குச் சுமார் 10 மைல் வடக்கே, அக்காலத்தில் லங்காஷயர் நாட்டைச் சேர்ந்திருந்த ராச்டேல் என்றோர் ஊர் உண்டு. கூட்டுறவு இயக்கத்தின் பிறப்பிடம் என்று அவ்வூர் பாடப் புத்தகங்களிற் போற்றப்படுகின்றது. அப்புகழைப் பாட யாம் வரவில்லை. தனியொருவர் நடத்துவதாயினும் பலர் கூடி நடத்துவதாயினும் கடை கடையே. தராசும், கணக்கும், கடன் கேட்கும் வாடிக்கைக்காரரும் இரண்டிற்கும் பொது. ஆகலின், அவ்வூர்க் கடையைக் கடை என்னும் அளவிலேயே நோக்குவோம்.

1840-ஐ அடுத்த ஆண்டுகளில் ராச்டேல் மக்களின் நிலைமை மிகவும் இரங்கத்தக்கதாயிருந்தது. ஃபிளானல் என்னும் கம்பளித்துணி நெசவே அவ்வூரின் பிழைப்பு. நீராவி இயந்திரங்கள் வந்து கைத்தறியின் கூலியைக் குறைத்துவிட்டன. கூலி உயர்வு வேண்டி நெசவாளர் செய்த முயற்சியும் தோல்வியுற்றது. வாரக்கூலி வரும் முன்னமே அது கடைக்காரர்க்கு உரியதாய்விடும். கடனில் வாங்கியவன், கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து, அவர் நிறுத்த அளவைப் பெற்று, கலப்படமாயினும் வாய் திறவாது எடுத்துச்செல்ல வேண்டியவனானான். வேறு கடைக்குச் செல்லும் சுதந்தரம் கடனாளிக்கு ஏது?

இத்துன்பத்தினின்று விடுபட வேண்டித் தாமே ஒரு கடை வைப்பது என்று அவ்வூரார் எண்ணியது அப்பொழுதுதான் முதன்முறையன்று. 1833-ஆம் ஆண்டிலேயே டோடு லேன் என்னும் வீதியில் ஒரு கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டது. திறந்தோர் நல்லெண்ணத்திற் குறைந்தவரல்லர். தம்மைப் போன்ற ஏழைகளிடத்து அன்பு மிக்கவர். அவ்வன்பினால் கடனுக்குச் சரக்குக் கொடுத்தனர். இரண்டே ஆண்டுகளில், 1835-இல், கடை மூழ்கியது. கொடுத்த கடன் திரும்பவில்லை என்பதே முதன்மையான காரணம். அதனை நடத்தியோருள் ஒருவரான சார்லஸ் ஹாவர்த் என்பார், பத்தாண்டு கழித்து அதே வீதியில் எழுந்த இரண்டாங் கடைக்கும் முதல்வருள் ஒருவராயினார். அதே ஊர், அதே வீதி, அதே வகுப்பு மக்கள், அதே வறுமை. முதற்கடை மாண்டது, இரண்டாங் கடை உலகெங்கும் பெயர் பெற்றது. ஆராய்ச்சி செய்வோர்க்கு இதனினும் தெளிவான ஒப்புமை எளிதிற் கிடையாது.

இரண்டாங் கடைக்கு முதல் சேர்ந்த விதத்தை முதலிற் கூறுவாம். நெசவாளரும் வேறு கைத்தொழிலாளருமாகிய சிலர் கூடினர். இருபத்தெண்மர் என்பது வழங்கிவரும் கணக்கு. ஆளுக்கு வாரம் 2 பென்ஸ் சேர்ப்பது என்று தொடங்கினர். 240 பென்ஸ் கொண்டது ஒரு பவுன். அவ்வளவிற் சேர்த்தால் ஒரு பவுன் ஆவதற்கு 120 வாரங்கள் செல்லும். பின்னர் அதனை 3 பென்ஸ் ஆக்கினர். ஊரை மூன்று பகுதியாகப் பிரித்து, பகுதிக்கொருவராக ஞாயிறுதோறும் வீடு வீடாய் நடந்து வசூலித்தனர். கொடுக்க ஒருப்பட்டோர் பலர் தவணை தவறினர். இத்துணை இடர்ப்பாட்டிற்கும் பின்னர்ச் சேர்ந்த தொகை 28 பவுன். இது சிறு தொகையே. எனினும், இதனைச் சேர்த்த ஆண்டிலேயே அக்கடை பாதி வெற்றி பெற்றுவிட்டது என்பது எமது துணிபு. மழையிலும் குளிரிலும் மூன்று பென்ஸுக்காக வீடு வீடாய் நடந்த ஒருவர், பின்னர் அக்காசைக் கடையிற் காணும்போது அதனை அலட்சியமாகச் செலவிட ஒருப்படார். வங்கியிற் கடனாகவோ மாமனார் வீட்டுச் சீராகவோ ஒரே நாளில் வந்து சேரும் முதலுக்கு இக்காவல் இல்லை.

டோடு லேனில் ஒரு பழைய பண்டசாலையின் கீழ்த்தளத்தை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குப் பேசினர். சாமான்களும் வாடகையும் போகச் சரக்கிற்கு எஞ்சியது சுமார் 16 பவுன். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ஆம் நாள் சனிக்கிழமை மாலை கடை திறக்கப்பட்டது. உள்ளிருந்தவை வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே. வெண்ணெய் 28 ராத்தலும் சர்க்கரை 56 ராத்தலும் மட்டுமே என்று சொல்லப்படுகின்றது. ஆலைகளில் வேலை செய்யும் சிறுவர் கூட்டமாய் வந்து வாயிலில் நின்று எள்ளி நகைத்தனர். ஒரு கைவண்டியில் அடங்கும் சரக்கு என்று பிற கடைக்காரரும் இகழ்ந்தனர். முதலில் வாரத்தில் இரண்டு மாலைகளே கடை திறக்கப்பட்டது. நடத்துவோர் பகலெல்லாம் தம் தொழிலைச் செய்து, மாலையிற் கடைக்கு வந்தனர். பிழைப்பைக் கைவிட்டுவிட்டுக் கடையை நம்பவில்லை என்பதை வாசகர் நோக்குக. கடை தன் காலில் நிற்கும் வரையில் அதனிடமிருந்து ஒருவரும் சோற்றுக்கு எதிர்பார்க்கவில்லை. ஓராண்டு விற்பனையைக் கண்டபின் வேலையை விடலாம் என்றிருப்போர்க்கும், பெயர்ப்பலகை மாட்டுமுன்னமே வேலையை விட்டுவிடுவோர்க்கும் உள்ள வேறுபாட்டை நம் பழைய மாணவர் பலர் அறிவர்.

இனி அவர்கள் எழுதிக்கொண்ட விதிகளுள் தலையாயதைக் காண்போம். அலுவலர் எவரும் ரொக்கமின்றிச் சரக்கு வாங்கலாகாது. ரொக்கமின்றி விற்கவும் ஆகாது. மீறினோர்க்கு 10 ஷில்லிங் அபராதம், பதவியும் போகும். விதி இவ்வளவே. இதில் இருமுனையும் அடைக்கப்பட்டிருத்தலைக் கவனிக்க வேண்டும். நம் வியாபாரிகளுள் பலர் கடன் கொடாமையைச் சிறப்பாகப் பேசுவர். மொத்த வியாபாரியிடம் தாம் கடனுக்கு எடுப்பதைப் பற்றிப் பேசார். ராச்டேலாரோ, தமக்கு மறுத்த சலுகையைத் தாமும் பெறலாகாது என்று கொண்டனர். ரொக்கத்துக்கு வாங்குவோன் சந்தையில் எவரிடமும் வாங்கலாம். நல்ல சரக்கு எங்குளதோ அங்குச் செல்லலாம். பாக்கி வைத்தவனோ பாக்கி வைத்த இடத்திலேயே மீண்டும் எடுக்க வேண்டும்.

ரொக்க விற்பனையின் பயனைச் சிறு கணக்கொன்றால் விளக்குவோம். 94 ரூபாய்க்குக் கொண்ட சரக்கை ஒருவர் 100 ரூபாய்க்கு விற்கின்றார் என்க. ஆதாயம் 6 ரூபாய். அந்த 100 ரூபாயை வாடிக்கைக்காரர் ஒருவர் கொடாது போயினார். அவ்விழப்பு 6 ரூபாயன்று, 94 ரூபாய். அதனை ஈடுசெய்ய, நூறு ரூபாய் விற்பனைகள் வேறு பதினாறு நடைபெற வேண்டும்; பதினாறிலும் கடைக்காரர்க்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. தேங்காய் உடைத்துப் படம் மாட்டி வியாபாரம் தொடங்கும் நாளிலேயே இக்கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

கொடுத்த கடன் தவறாது வந்துவிடும் என்றே வைத்துக்கொண்டாலும் நஷ்டம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். ராச்டேல் கடையின் முதல் முழு ஆண்டாகிய 1845-இல் விற்பனை 710 பவுன். ஆண்டிறுதியில் அவர்களுடைய முதல், புதிய அங்கத்தினர் பணத்தையும் சேர்த்து, 181 பவுன். ஆண்டு முழுவதும் அந்த 181 பவுனும் கையிலிருந்தது என்று கொண்டாலும், பணம் ஏறக்குறைய நான்கு முறை சரக்காகி மீண்டும் பணமாயிருத்தல் வேண்டும். தொடக்கத்தில் முதல் மிகக் குறைவாதலின், உண்மையில் அதனினும் பன்முறை சுழன்றிருக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது ஆதாயம் ஒட்டிக்கொள்கின்றது. சிறு முதலுடையார்க்கு உள்ள பலம் இச்சுழற்சி ஒன்றே. நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதம் உறங்கும் பணம் அம்மூன்று மாதமும் சுழலாது. ஆதலால், கடன் கொடுக்கும் சிறு வியாபாரி பெருமுதலாளியைப் போல் நடிக்கின்றார் என்றே சொல்லலாம். அவர்க்கு அது தாங்கும், இவர்க்குத் தாங்காது.

இவ்விதி கொடியது அன்றோ என்று கேட்பார் உண்டு. கொடியதுதான். அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. பழைய கடைக்காரரிடம் பாக்கிப்பட்டு, வாரக்கூலி முழுவதையும் அங்கேயே கொடுக்க வேண்டியிருந்த குடும்பங்கள் டோடு லேன் கடைக்கு வர இயலவில்லை. ஏழையருள்ளும் கடை ஏழைக்கு அக்கடையால் உதவி பெரிதாக விளையவில்லை. வேலையிழந்த வாரத்தில் அங்கத்தினர் ஒருவரே வந்து கேட்டாலும் இல்லையென்றே சொல்லவேண்டியிருந்தது. அடுத்த வீட்டாரின் குழந்தைக்குப் பால்மாவு வேண்டுமென்று வரும் தாயிடம் 'ரொக்கம் உண்டா?' என்று கேட்பது மனிதர்க்கு எளிதன்று. 1833-இல் முதற்கடையார் கேட்கமாட்டாது போயினர். அவர்களைக் குறைகூற யாம் முன்வரோம். ஆனால் 1835-க்குப் பின் அத்தாயும் ஏனையோரும் மீண்டும் பழைய கடனுக்கே திரும்பினர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உதவ விரும்பும் கடைக்காரர் தம் வீட்டுப் பணத்திலிருந்து தருமமாகக் கொடுத்துவிடுவது சிறப்பு. தருமம் தருமமாகவும் விற்பனை விற்பனையாகவும் எழுதப்படும்போது இரண்டும் பிழைக்கும்.

சரக்கின் தூய்மையையும் நிறையையும் பற்றி அவர்கள் கொண்ட பழக்கம் இரண்டாவது. இதனைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. அக்காலத்து இங்கிலாந்தில் உணவுப் பண்டங்களிற் கலப்படம் ஊரறிந்த வழக்கமாயிருந்தது. பிரெடெரிக் ஆக்கம் என்னும் ரசாயன நூலார் 1820-இலேயே இக்கேட்டை விரித்து ஒரு நூல் வெளியிட்டார். ரொட்டியிற் படிகாரமும், தேயிலையில் ஒருமுறை கொதிக்கவைத்து எறிந்த இலையும் கலந்தன. ராச்டேலுக்கு அண்மையிலுள்ள பிராட்ஃபோர்டு நகரில் 1858-இல் நிகழ்ந்தது இன்னும் கொடுமை. மிட்டாய் செய்வோர் சர்க்கரையின் செலவைக் குறைக்க ஒருவகைச் சுண்ணப்பொடியைக் கலப்பது வழக்கம். மருந்துக்கடையில் அதற்குப் பதிலாகத் தவறுதலாய்ப் பாஷாணம் கொடுக்கப்பட்டது. அம்மிட்டாயைத் தின்று சுமார் 20 பேர் இறந்தனர். நோயுற்றோர் இருநூற்றுவர் வரை. கலப்படம் செய்தவர் கொலைகாரரல்லர். எல்லாரும் செய்வதைச் செய்தவரே. அதனால்தான் இச்செய்தி அச்சத்தை விளைவிக்கின்றது.

இத்தகைய காலத்தில் கலப்பற்ற மாவைச் சரியான நிறையில் விற்பது பெரிய விளம்பரமாயிற்று. ஆயினும் தொடக்கத்தில் அதன் பலன் தெரியவில்லை. விலையிற் காற்காசு கூடுதலாகத் தோன்றினால், அங்கத்தினர் வீட்டுப் பெண்டிரே பழைய கடைக்குச் சென்றனர். தராசுத்தட்டின் கீழ்ப் பிசின் ஒட்டி ஒரு ராத்தலுக்கு ஓர் அவுன்ஸ் குறைப்பவர் அன்றைக்கே ஆதாயம் காண்பார். நேர்நிறையாக நிறுப்பவர் பல மாதம் காத்திருக்க வேண்டும். வாடிக்கைக்காரர் வீட்டில் மாவு எத்தனை நாள் வந்தது என்பது மெதுவாகத் தெரிந்து, அது கிணற்றடியிற் பேச்சாகி, பின்னரே கடைக்கு ஆள் வரும். இக்காத்திருப்பைத்தான் மனப்பான்மை என்று யாம் கருதுகின்றோம்.

மூன்றாவது கணக்கு. இதனைப் பற்றிச் சற்று விரித்துக் கூற விரும்புகின்றோம். நம்மவர் கடைகளிற் பெரிதும் குறைவது இதுவே. ராச்டேல் கடையில் சரக்கை நிறுத்துக் கொடுத்தவர் சாமுவேல் ஆஷ்வர்த். பணத்தைப் பெற்றவர் வில்லியம் கூப்பர். விற்போனும் காசு வாங்குவோனும் வேறு வேறு. மூன்று மாதத்துக்கொருமுறை கணக்கு முழுவதும் அங்கத்தினர் கூட்டத்தில் வைக்கப்பட்டது. முதலுக்கு வரையறுத்த சிறு வட்டி ஒன்றே. பொதுச்செலவும் தட்டுமுட்டுச் சாமான்களின் தேய்மானமும் கழித்து எஞ்சியதே ஆதாயம் எனப்பட்டது. அவ்வாதாயத்தையும் முதலின் அளவுக்கேற்பப் பங்கிடாது, அவரவர் கடையில் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டனர். எவ்வளவு மிகுதியாக முதல் போட்டவர்க்கும் வாக்கு ஒன்றே.

தனியொருவர் கடையில் கூட்டமும் வாக்கும் இல்லை. தமக்குத் தாமே கணக்குக் காட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால், காட்டாமலே விட்டுவிடுவோர் பலர். காலையில் வீட்டுக்குக் காய்கறி, பிற்பகலில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாலையில் உறவினர் வீட்டு மொய், யாவும் கல்லாவினின்றே எடுக்கப்படுகின்றன. அரிசி பருப்பு அலமாரியினின்றே சமையலறைக்குச் செல்கின்றது. அதனை எழுதுவாரும் இல்லை. 'நம் கடையில் நாம் எடுப்பதற்குக் கணக்கா?' என்பது வழக்கமான மறுமொழி. மாதக் கடைசியில் எஞ்சியது குறைவாயின் வியாபாரம் மந்தம் என்பர். மந்தம் வியாபாரத்திலா வீட்டுச் செலவிலா என்பதை அறிய வழியே இல்லை. கல்லாவில் உள்ள நூறு ரூபாயில் கடைக்காரர்க்குச் சொந்தமானது ஐந்தோ ஆறோதான். எஞ்சியது நாளைய சரக்கு. நாளைய சரக்கை இன்று உண்பவர், விதைநெல்லைக் குத்திச் சமைக்கும் குடியானவரைப் போல்வர்.

இதற்கு மருந்து எளியது. கடைக்காரர் தமக்கென ஒரு சம்பளத்தை வரையறுத்து, மாதத்தில் ஒருநாள் அதனை எடுத்து, பற்றுச் சீட்டெழுதி வைத்துவிட வேண்டும். வீட்டுக்குச் செல்லும் பருப்புக்கும் விலை எழுத வேண்டும். இரவிற் கடை சாத்துமுன் ரொக்கத்தை எண்ணிச் சிட்டையோடு ஒத்துப்பார்ப்பது பத்து நிமிஷ வேலை. ஒத்துவராத நாளில் அன்றே காரணம் தேடினால் கிடைக்கும். ஒரு வாரம் கழித்துத் தேடினால் கிடையாது. பெருந்தொழில் நடத்தியோரும் இடருற்ற காலத்திலேயே கணக்கின் அருமையை உணர்ந்தனர். ராச்டேல் கடைக்கு 72 ஆண்டுகட்கு முன், மண்பாண்டத் தொழிலிற் பேர்பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட் என்பார், 1772-இல் வியாபாரம் சுருங்கிய சமயம், ஒவ்வொரு பாண்டத்துக்கும் ஆகும் செலவைத் தனித்தனியே கணக்கிட்டார். பாண்டம் குறைவாகச் செய்தாலும் வாடகையும் சில கூலிகளும் குறையாது நிற்கும் என்பது அப்பொழுதே அவர்க்கு எண்ணளவிற் புலனாயிற்று. பேரேட்டில் ஒருமுறை புலனானது பிறகு மறப்பதில்லை.

இப்பழக்கங்களின் பலன் உடனே தோன்றிற்றா? இல்லை. 1845-இல் 74 ஆக இருந்த அங்கத்தினர் 1846-இல் 86, 1847-இல் 110, 1848-இல் 140. நான்காண்டு உழைப்புக்கு இஃது அற்பமே. இடையே சோர்வுற்று விலகியோரும் உண்டு. பின்னர் 1849-இல் ராச்டேலில் இருந்த சேமிப்பு வங்கி, அதன் நிர்வாகி செய்த மோசடியால் முறிந்தது. ஏழை மக்கள் பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் போயிற்று. எஞ்சிய காசை எங்கே வைப்பது என்று திகைத்தோர், காலாண்டுதோறும் கணக்கைப் பகிரங்கமாகப் படித்துவந்த ஓர் இடத்தை அவ்வூரில் ஐந்தாண்டுகளாகக் கண்டிருந்தனர். அவ்வாண்டில் அங்கத்தினர் 390; மறு ஆண்டில் 600. 1850-இல் விற்பனை 13,179 பவுன். 1860-இல் அங்கத்தினர் 3,450; விற்பனை 1,52,063 பவுன். வங்கி முறிந்ததை நல்ல காலம் என்று ஒருவர் கூறலாம். அந்நல்ல காலம் ஊரிலுள்ள எல்லாக் கடைகட்கும் ஒருங்கே வந்தது. அதனை ஏற்கும் தகுதியை முன்னரே பெற்றிருந்தது இக்கடை.

அங்கத்தினர் பலர் தமக்குரிய ஆதாயப் பங்கைக் கையிற் பெறாது கடையிலேயே விட்டுவைத்தனர் என்பதையும் கூறாது விடலாகாது. 28 பவுன் முதல் 1860-இல் 37,710 பவுனாயிற்று என்றால், அதிற் பெரும்பங்கு இங்ஙனம் எடுக்காமல் விட்ட பங்கேயாம். 1849 முதல் படிப்பகமும் நூலகமும் நடத்தினர். பின்னர் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை கல்விக்கென்றே ஒதுக்கினர்.

இவ்வளவும் கூறிய பின், அவர்கள் வரலாற்றில் எமக்கு உவப்பில்லாத பகுதியையும் கூறுதல் கடமை. 1854-இல் அவர்களுட் சிலர் தனியாக ஒரு நூற்பு நெசவாலைச் சங்கம் தொடங்கினர். அதில் வேலை செய்வோர்க்கும் ஆதாயத்தில் பங்கு என்பது முதல் ஏற்பாடு. ஆலை செழித்தது, பங்கு வாங்கப் புதியவர் திரண்டனர், அவர்கள் தொகை மிகுந்து, 1862-இல் தொழிலாளர் பங்கை வாக்கெடுத்து நீக்கிவிட்டனர். கடையை வளர்த்த பழக்கங்கள் வறுமையிற் பிறந்தவை. செல்வத்துடன் வந்து சேர்ந்தோர்க்கு அவை பழக்கமாகவில்லை. தந்தை தேடிய கடையை மகன் ஏற்கும்போதும் இதுவே நிகழக் காண்கின்றோம். சரக்கும் கட்டடமும் பெயர்ப்பலகையும் மகனுக்குச் செல்கின்றன. இரவில் சிட்டையை ஒத்துப்பார்க்கும் கை செல்வதில்லை, அருகிருந்து பழகினாலன்றி.

ராச்டேல் முறை நம் நாட்டையும் வந்தடைந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவுப் பண்டசாலை அம்முறையைத் தழுவித் தொடங்கப்பட்டது. அதன் தொடக்கத்திற் பங்கு கொண்டோருள், அக்காலத்து அப்பகுதி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் ஒருவர். அவ்வாண்டில் நாட்டில் நிறைவேறிய கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களையே கருதியது. பண்டசாலைகட்கு முழு இடமளித்தது 1912-ஆம் ஆண்டுச் சட்டம். கடன் கொடுப்பதற்குச் சட்டம் முந்திக்கொண்டதையும், ரொக்கத்துக்கு விற்பதற்குச் சில உபாத்தியாயரும் உத்தியோகஸ்தரும் முந்திக்கொண்டதையும் காண எமக்குச் சிறிது புன்முறுவல் தோன்றுகின்றது.

நம் ஊர்களில் இன்று முழு ரொக்க விற்பனை நடக்குமா என்பது கேள்வி. கைபேசியாற் பணம் செலுத்தும் முறை பரவியபின், 'சில்லறை இல்லை, பிறகு தருகிறேன்' என்னும் பேச்சுக்கு இடம் குறைந்துவிட்டது. ஆயினும் மாதச் சம்பளம் வாங்குவோரும், அறுவடைக்குக் காத்திருப்போரும் உள்ள இடத்தில் கடன் அடியோடு நிற்காது. அங்ஙனமாயின், கடன் கொடுப்பதற்கும் விதி வேண்டும். அதனைக் கேட்போர் முகத்தை நோக்கி அப்போதைக்கப்போது வகுக்கலாகாது. தம் சொந்த முதலில் எத்தனையில் ஒரு பங்கு வரை பாக்கியாய் நிற்கலாம், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் தீர வேண்டும், தீராவிடின் எப்பொழுது நிறுத்துவது என்பவற்றைக் கடைக்காரர் ஓய்வான ஒரு நாளில் அமர்ந்து, தம் மனைவியாரையும் உடன்வைத்துக்கொண்டு, ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். மனைவியாரை உடன்வைக்கச் சொல்வது மரியாதைக்காக அன்று. கடன் கேட்போருட் பாதிப்பேர் கடைக்கு வாராது வீட்டுக்கே வருவர். அத்தாளைக் கல்லாவின் மூடியில் உட்புறமாக ஒட்டிவைத்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கண்ணிற் படும். வெளிப்புறத்தில் ஒட்டினால் வாடிக்கைக்காரர் மனம் நோகும்.